கால் பைசா

மூன்று வருஷச் சம்பளச் சீட்டோடு
கொண்டுவிற்கப் போனவர்
இருபதாம் வருஷம், பங்குனியில்,
பந்தியின் கடைசி இலையில் வந்து உட்கார்ந்தார்.
யாரோ பரதேசி என்று
மோரைத் தண்ணீராகவே ஊற்றினாள் மாணிக்கி.

கோனாபட்டில் அப்போது என் வளவு
பங்காளிகளின் சத்திரம்.
மோல்மேனில் குண்டு விழுந்த அன்றே
அவர் செத்தார் என்பது அவர்கள் கட்சி.
கருமாதியை முடி, உமையாள்,
கடைப் பங்கைப் பிரித்துவிடலாம் என்பார்கள்.
சொன்ன வாயாலேயே
இன்னொரு கரண்டி கவுனரிசி கேட்பார்கள்.

ஐந்தொகை நேராகட்டும்,
கையெழுத்துப் போடுகிறேன் என்றேன்.
பகலெல்லாம் அவர்கள் பார்க்கப்
பேரேட்டைக் கூட்டுவேன்.
ராத்திரி, விளக்கைத் தாழ்த்திவைத்து
எங்கேயாவது ஓரணாவைத் தொலைப்பேன்.
ஒருநாள் நெல்லில், ஒருநாள் விளக்கெண்ணெயில்,
ஒருநாள் கோயில் மகமையில்.
சாமி கணக்கில் கைவைத்த அன்று மட்டும்
தூக்கம் வரவில்லை.

மூன்று வருஷம் ஓடியது அந்த ஓரணா.
காரைக்குடியிலிருந்து வந்த ஆடிட்டர்தான்
கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துச் சொன்னார்:
"கணக்கு பழசுதான் ஆச்சி.
மைதான் ஈரமா இருக்கு."

அந்த வாரம்தான் கடைசி இலை.
எடுக்கப் போனேன்.
கறிவேப்பிலையை ஓரத்தில்
ஐந்து ஐந்தாக அடுக்கியிருந்தது.
சோற்றிலும் எண்ணுகிற மனுஷர்
எனக்குத் தெரிந்து ஒருவர்தான்.
முகத்தை நான் பார்க்கவில்லை.
பார்த்திருந்தால் ஏமாந்திருப்பேன்.

மறுநாள் பந்தி நடுவில் எழுந்து நின்றார்.
"இலைக்கு ஆறணா. ஆள் பதினாலு.
வருஷம் மூணு. நடப்பு வட்டி."
காகிதம் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு
வட்டிக்கு வட்டி ஏற்றி
ஆளுக்கு இவ்வளவு என்று
வீசம் பிசகாமல் சொல்லி முடித்தார்.
அந்த வாய்க்கணக்கைக் கேட்ட பிறகுதான்
பங்காளிகளுக்கு ஆள் தெரிந்தது.
ரத்தம் ஒன்றும் சிந்தவில்லை.
ஓடிய வேகத்தில் ரசம்தான் சிந்தியது.
ஆத்தங்குடிக் கல்லில் கறை இன்னும் இருக்கிறது.

வயிரவன் காலேஜிலிருந்து வந்தான்.
பத்து மாசத்தில் பார்த்த அப்பச்சியை
வாசலில் நின்று, ஒரு வாடகைதாரரைப் போலப் பார்த்தான்.
பிறகு அடுப்படிக்கு வந்து என்னிடம் சொன்னான்:
"கிரேக்கத்தில் ஒரு கதை உண்டு ஆத்தா.
ஒருத்தி பகலில் நெய்ததை
ராத்திரி பிரிப்பாளாம்."
பிரித்தால் அவளுக்கு நூலாவது மிஞ்சும் என்றேன்.
அவள் புருஷன் வழியில் எங்கே தங்கினான்?
"ஒரு தீவில். ஏழு வருஷம்."
யாரோடு என்று அவள் கேட்டாளா?
"பாடத்தில் அது இல்லை."

ராத்திரி பேரேட்டை அவர் முன்னால் வைத்தேன்.
விரலை ஓட்டிக்கொண்டே போய் நின்றார்.
"இது தப்பில்லை. நீயாக விட்டது."
ஆமாம். உங்கள் சிட்டையைக் காட்டுங்கள்.

தகரப் பெட்டியைத் திறந்தார்.
அராக்கன் மலையில் நடந்த நாட்கள்,
காலராவில் விழுந்து திரும்பியது,
படகுக் கூலி, கொய்னா மாத்திரை, சுருட்டு
எல்லாம் தேதிவாரியாக.
நாற்பத்தேழிலிருந்து ஐம்பத்துநாலு வரை
எழுதவில்லை.
வெற்றுத் தாள்கள்தான்
ஓரமெல்லாம் அழுக்காக இருந்தன,
புரட்டிப் புரட்டி.

விளக்கை அணைத்தபின்
தூக்கத்தில் ஒரு பெயர் சொன்னார்.
இரண்டெழுத்து. நம் பக்கத்துப் பெயரில்லை.
கூப்பிடுகிற மாதிரி இல்லை அது,
கதவைச் சாத்தச் சொல்லுகிற மாதிரி.

பங்குனி முடிவதற்குள்
நயா பைசா வந்துவிட்டது.
ஓரணாவுக்கு ஆறேகால் பைசா.
கால் பைசா என்று
காசு அடிக்கவில்லை சர்க்கார்.
ஆறை வரவு வைத்து, கீழே கோடு போட்டு
"நேராயிடுச்சு" என்றார்.
நான் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கை நடுங்கியிருந்தது.

மத்தியானம் மாணிக்கி மோர் கடைந்தாள்.
செம்பில் தண்ணீர் எடுத்தவளைத் தடுத்து,
இன்றைக்குக் கெட்டியாகவே இருக்கட்டும் என்றேன்.